பாட்டுக் கருவிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள் ஒரு விநோதமான விலைக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஹிட்டாச்சியின் 4 ஜி.பி. மைக்ரோடிரைவைத் தனியாக வாங்கினால் ஏறத்தாழ 500 டாலர். அதே டிரைவை உள்ளே வைத்து, கூடவே திரை, பேட்டரி, இயர்போன் எல்லாம் சேர்த்து கிரியேட்டிவ் நிறுவனம் விற்ற ‘மூவோ 2’ பாட்டுக் கருவி ஏறத்தாழ 200 டாலர். டிரைவ் மட்டும் வேண்டுமென்றால் முழுக் கருவியை வாங்குவதுதான் லாபம். வாங்கினார்கள், வீட்டுக்கு வந்து மூடியை நெம்பினார்கள், டிரைவை உருவிக் கேமராவில் செருகினார்கள். கேமரா மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. சிலர் காலியான இடத்தில் சின்ன காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றைப் போட்டு, பாட்டுக் கருவியையும் உயிரோடு வைத்துக்கொண்டார்கள்.

விலை இப்படித் தலைகீழாக இருந்ததற்குக் காரணம் எளிது. கருவி தயாரிப்பவர் லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறார். அவருக்கு ஒரு விலை. கேமராக்காரர் ஒன்றே ஒன்று வாங்குகிறார். அவருக்கு வேறு விலை. இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்த பொருள் ஒன்றாகவே இருந்ததால், நடுவில் இருந்த இடைவெளியை ஒரு ஸ்குரூடிரைவரால் தாண்ட முடிந்தது.

அந்த மைக்ரோடிரைவைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஐ.பி.எம். நிறுவனம் 1999-இல் 170 எம்.பி., 340 எம்.பி. என்ற இரண்டு அளவுகளில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2003-இல் ஐ.பி.எம்.-இன் ஹார்ட் டிஸ்க் பிரிவே ஹிட்டாச்சி கைக்குப் போனது. நீளம் 42.8 மில்லிமீட்டர், அகலம் 36.4, தடிமன் 5. எடை 16 கிராம். அதற்குள் ஓர் அங்குல விட்டமுள்ள காந்தத் தட்டு நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும். அதன் மேல் ஒரு கை நகரும். மேசைக் கணினியில் செங்கல் கனத்துக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்கில் என்னென்ன இருந்தனவோ அத்தனையும் இதில் இருந்தன. காதருகே வைத்தால் சுழலத் தொடங்கும் சன்னமான ஓசை கேட்கும்.

அதே 2004 பிப்ரவரியில் ஆப்பிளின் ஐபாட் மினி விற்பனைக்கு வந்தது. அதிலும் இதே 4 ஜி.பி. ஹிட்டாச்சி டிரைவ்தான். அதைத் திறப்பது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. மேலும் கீழும் ஒட்டியிருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடிகளை முடி உலர்த்தியால் சூடாக்கி, மெல்லிய தகட்டால் நெம்ப வேண்டும். மேலே இரண்டு சின்னத் திருகுகள், கீழே ஓர் உலோகக் கிளிப். அவற்றை எடுத்துவிட்டால் போர்டும் டிரைவும் அலுமினியக் கூட்டிலிருந்து ஒரே துண்டாக வழுக்கி வெளியே வரும். ஆனால் இப்படி உருவிய டிரைவைக் கேமராவில் செருகியவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைத்தது. ஆப்பிளுக்கென்று கொடுத்த டிரைவ்களில் கேமரா பேசும் முறை அணைக்கப்பட்டிருந்தது. சில மாதங்களில் மூவோ 2-க்குள்ளும் அப்படிப்பட்ட டிரைவ்களே வரத் தொடங்கின. கருவியை வாங்கிப் பிரிக்கும் வழக்கத்தை உற்பத்தியாளர்கள் கவனித்துவிட்டார்கள்.

கேமரா மறுத்த அந்த டிரைவைக் கணினி ஏற்றுக்கொண்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற 50 பின் செருகியின் வரையறைக்குள்ளேயே, கணினி ஹார்ட் டிஸ்க்குகள் பேசிவந்த ஐ.டி.இ. முறையும் அடங்கியிருந்தது. மின்சாரம் கிடைக்கும் நொடியில் 9-ஆம் எண் பின் தரையோடு இணைந்திருந்தால் அந்தக் கார்டு தன்னை ஒரு ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க்காக அறிவித்துக்கொள்ளும். கேமராவுக்கான முறையை அணைத்தவர்களால் இதை அணைக்க முடியவில்லை, ஏனென்றால் பாட்டுக் கருவியே அந்த முறையில்தான் டிரைவோடு பேசியது. ஆகவே ஒரு கன்வெர்ட்டர் போதும். பாட்டுக் கருவியின் நினைவகம் கணினியின் சேமிப்பகம் ஆகிவிடும்.

அந்தக் கன்வெர்ட்டர் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைத்தது. நான் வாங்கியது பழைய மடிக்கணினிக்கான 44 பின் வகை. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பச்சை போர்டு. ஒரு விளிம்பில் ஊசி ஊசியாக 50 பின்கள். மறு விளிம்பில் இரண்டு வரிசையாக 44. நடுவில் செப்புக் கோடுகள், ஒரு கெப்பாசிட்டர், மாஸ்டரா ஸ்லேவா என்று சொல்ல ஒரு ஜம்பர். சிப் என்று எதுவுமே கிடையாது. மொழிபெயர்க்க வேண்டிய பேச்சே இல்லாததால் சிப்புக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பின்னிலிருந்து அந்தப் பின்னுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். டக் டக் என்று ஓசையிட்டுச் செத்துக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போர்டையும் கார்டையும் வைத்தேன். மடிக்கணினி சத்தமில்லாமல் லினக்ஸில் எழுந்து நின்றது. வேகம் பெரிதாக இல்லை. ஆனாலும் அது சில வருடங்கள் வீட்டில் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் உழைத்தது.

அந்தக் காலத்தை எல்லாம் பொற்காலமாகக் காட்டுவது சரியில்லை. பொருந்தாமை அன்று இன்றைவிட அதிகமாகவே கண்ணில் பட்டது. 1994-இல் காம்பாக்ட் ஃபிளாஷ், 1995-இல் ஸ்மார்ட்மீடியா, 1997-இல் எம்.எம்.சி., 1998-இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999-இல் எஸ்.டி., 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்.டி. என்று கடை முழுக்க ஒன்றுக்கொன்று ஒட்டாத கார்டுகள். ஒரு கேமராவை விற்றால் அதன் கார்டுகளும் வீணாகும். ஒலிம்பஸ் கேமராக்களில் அகலப்படம் எடுக்கும் வசதி ஒலிம்பஸ் பெயர் போட்ட எக்ஸ்.டி. கார்டில் மட்டுமே வேலை செய்தது. அதே அளவு, அதே வகை வேறு கார்டைப் போட்டால் அந்த மெனு திறக்காது. அது முழுக்க முழுக்க வணிகத் தடை.

பூட்டும் அன்றே இருந்தது. 2001-இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸுக்குள் இருந்தது சாதாரணக் கணினி ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். கழற்றிக் கணினியில் மாட்டினால் டிஸ்க் வாயே திறக்காது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, டிஸ்க் தானாகத் திறந்திருக்கும் வேளையில், தரவு ஒயரை மட்டும் உருவிக் கணினியில் செருகி அந்தப் பூட்டைத் தாண்டினார்கள். ஒரு சேமிப்பகத்தை ஒரே ஒரு கருவிக்கு மணமுடித்து வைக்கும் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் அது ஒன்று என்று நினைக்கிறேன். அன்று அது விதிவிலக்கு. பெரும்பாலான கருவிகளில் தடையாக நின்றது செருகியின் வடிவமோ ஃபார்மட்டோதான். ஒரு கன்வெர்ட்டரும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் கடந்துவிடலாம்.

கருவியைப் பிரித்து டிரைவை உருவும் பழக்கத்துக்கு 2011-இல் எதிர்பாராத மரியாதை கிடைத்தது. அந்த வருடம் தாய்லாந்தில் பெருவெள்ளம். அயூத்தயா பகுதியில் பாங் பா-இன் தொழிற்பேட்டையில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. உலகின் ஹார்ட் டிஸ்க்கில் கணிசமான பங்கு தாய்லாந்தில் உருவானது என்பதால் விலை சில வாரங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அப்போது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பேக்பிளேஸ் என்ற இணையச் சேமிப்பு நிறுவனம் கவனித்தது: கணினிக்குள் மாட்டும் டிரைவ் ஏறிய அளவுக்கு, யூ.எஸ்.பி. ஒயரோடு பெட்டிக்குள் வரும் வெளி டிரைவ் விலை ஏறவில்லை. உள்ளே இருப்பதோ அதே 3 டி.பி. டிரைவ். ஊழியர்கள், நண்பர்கள், உறவினர்கள் எல்லோரும் காஸ்ட்கோ, பெஸ்ட் பை கடைகளுக்குக் கிளம்பினார்கள். ஓர் ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு விதித்தபோதும் ஊர் ஊராகப் போய் வாங்கினார்கள். பிளாஸ்டிக் கூட்டை உடைத்து டிரைவை எடுத்து, 5 பெட்டாபைட்டுக்கும் மேலான சேமிப்பை அப்படியே கட்டியெழுப்பினார்கள். 2012-இல் அவர்களே அதை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். கேமராக்காரர்கள் வீட்டு மேசையில் செய்ததை ஒரு நிறுவனம் தன் தரவு மையத்துக்காகச் செய்தது.

கூட்டை உடைப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் சுலபம் குறைந்துவிட்டது. வெளி டிரைவ்களுக்குள் வரும் சில டிரைவ்களை வீட்டுக் கணினியின் பழைய பவர் சப்ளையில் மாட்டினால் எழுந்திருக்காது. புதிய வரையறையின்படி 3-ஆம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் ‘அணைந்திரு’ என்று அவை புரிந்துகொள்ளும். அந்தப் பின்னின் மேல் மெல்லிய கேப்டான் டேப் துண்டு ஒன்றை ஒட்டினால் சரியாகிவிடும். கைக்கடக்கமான போர்ட்டபிள் டிரைவ்களிலோ டேப்பும் உதவாது. பலவற்றில் யூ.எஸ்.பி. முனை டிரைவின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வருகிறது. கணினிக்குள் மாட்டும் சாட்டா முனையே இல்லை. இன்னும் சிலவற்றில், நாம் கடவுச்சொல் போடாவிட்டாலும் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதுகிறது இடையில் இருக்கும் சிப். அந்த போர்டு போனால் டிஸ்க்கில் உள்ள படங்களும் போயின.

பெரிய மாற்றம் ஹார்ட் டிஸ்க்கில் நடக்கவில்லை, ஃபிளாஷில் நடந்தது. தோஷிபாவில் ஃபியூஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம், மைக்ரோடிரைவைச் சில வருடங்களில் ஓரங்கட்டியது. 2005 செப்டம்பரில் ஐபாட் மினியின் இடத்துக்கு ஐபாட் நானோ வந்தபோது உள்ளே சுழலும் தட்டு கிடையாது; சிப்தான், அதுவும் போர்டோடு சால்டர் ஆகியிருந்தது. நெம்பித் திறந்தாலும் உருவுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. 2012-இல் ஆப்பிளின் ரெட்டினா மேக்புக் ப்ரோ தனக்கென்று ஒரு செருகியோடு சேமிப்பகத்தைக் கொண்டுவந்தது. 2016-இல் அந்தச் செருகியையும் எடுத்துவிட்டு டச் பார் மாடல்களில் சிப்பைப் போர்டிலேயே ஒட்டிவிட்டார்கள். 2015-இல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்6-இல் மெமரி கார்டு வழியை அடைத்தது. மக்கள் முணுமுணுத்ததால் அடுத்த வருடம் திறந்தது. 2021-இல் எஸ்21-ஓடு மறுபடி அடைத்துவிட்டது.

இதற்கெல்லாம் நியாயமான காரணமும் உண்டு. ஒட்டிய சிப் இடத்தைக் குறைக்கும், வேகத்தைக் கூட்டும், கீழே விழுந்தால் கழலாது. ஆனால் ஃபிளாஷ் தேயும் பொருள். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்த பழைய வகை ஏறத்தாழ 1 லட்சம் முறை அழித்து எழுதுவதைத் தாங்கும். நான்கு பிட் திணிக்கும் இன்றைய மலிவு வகைக்கு ஏறத்தாழ 1,000 முறைதான். தேயக்கூடிய பாகத்தைக் கழற்ற முடியாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா கார்களே சாட்சி. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரையை இயக்கிய கணினியில் 8 ஜி.பி. சிப் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கார் ஓட ஓடக் குறிப்புகள் எழுதி எழுதி அது தேய்ந்தது. பின்பக்கக் கேமராவின் படம்கூட வராமல் போனது. 2021-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

ஆப்பிளின் இன்றைய மேக் கணினிகளில் விஷயம் இன்னொரு படி தள்ளிப் போயிருக்கிறது. மேக் ஸ்டுடியோவைத் திறந்தால் சேமிப்பகம் கழற்றக்கூடிய சின்ன அட்டையாகத்தான் இருக்கிறது. பார்த்தால் ஆசை வரும். ஆனால் அந்த அட்டையில் இருப்பவை நினைவகச் சிப்புகள் மட்டுமே. எதை எங்கே எழுதுவது, கெட்ட பகுதியை எப்படித் தவிர்ப்பது என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர் கணினியின் பிராசசருக்குள் இருக்கிறது. வேறு கணினியில் அந்த அட்டைக்கு அர்த்தமே கிடையாது. 1995-இன் ஸ்மார்ட்மீடியா கார்டும் இதே வடிவமைப்புதான்: கண்ட்ரோலர் இல்லாத வெறும் சிப். கேமராவில் இருந்த கண்ட்ரோலருக்குத் தெரிந்த அளவுதான் கார்டின் அளவு என்று ஆனதால் அந்த வகை 128 எம்.பி.-யோடு நின்றுபோனது. கார்டுக்குள்ளேயே அறிவை வைத்த காம்பாக்ட் ஃபிளாஷ், 2004-இன் மைக்ரோடிரைவைப் போல, எங்கே செருகினாலும் பிழைத்தது.

ஆக இன்று கழற்ற வேண்டுமென்றால் ஸ்குரூடிரைவர் போதாது. ஹாட் ஏர் வேண்டும். ரிச்சி தெருவில் மாடிப்படி ஏறிப் போகும் கைப்பேசிக் கடைகளில் இந்த வேலையைப் பார்க்கலாம். ஒரு பெண்மணி, திரை நொறுங்கி உயிரில்லாமல் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போனை மேசையில் வைத்தார்.

“தம்பி, போன் போனா போகட்டும். பாப்பா போட்டோ மட்டும் எடுத்துக் குடுத்துடுப்பா.”

“இது பழைய மாடல்க்கா, எடுத்துடலாம். புது போனா இருந்தா போர்டு உயிரோட இருந்தாத்தான் ஏதாவது பண்ண முடியும்.”

கடைக்காரர் போர்டைக் கிளிப்பில் மாட்டி, சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் தடவி, சூடான காற்றை வட்டமாகச் சுற்றினார். கீழே இருந்த ஈயம் இளகியதும் இடுக்கியால் சிப்பைத் தூக்கினார். 11.5-க்கு 13 மில்லிமீட்டர் அளவுள்ள கறுப்புச் செவ்வகம். அடிப்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 153 ஈயப் பொட்டுகள். அத்தனை பொட்டுகள் இருந்தாலும் படிப்பதற்கு ஆறே இணைப்பு போதும்: கடிகாரத் துடிப்பு, கட்டளை, ஒரு தரவுக் கோடு, இரண்டு மின்சாரம், ஒரு தரை. இந்த இ.எம்.எம்.சி. சிப் பேசுவது 1997-இல் வந்த எம்.எம்.சி. கார்டின் மொழியைத்தான். அதனால், ஆறு மெல்லிய கம்பிகளைச் சால்டர் செய்தால் எம்.எம்.சி. தெரிந்த சாதாரணக் கார்டு ரீடரிலேயே அது ஒரு மெமரி கார்டாகத் தெரியும். கடைக்காரர் கம்பிக்குப் பதில் யூ.எஃப்.ஐ. பாக்ஸ் என்ற, சிப் படிக்கும் கருவியை வைத்திருந்தார், சிப்பை அதன் சாக்கெட்டில் வைத்து மூடினார். சற்று நேரத்தில் கணினித் திரையில் குழந்தையின் படங்கள் வரிசையாக விழுந்தன. மைக்ரோடிரைவ் காலத்துக் கன்வெர்ட்டரும் இந்தச் சாக்கெட்டும் செய்வது ஒரே வேலை. பழைய மொழி ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருப்பதால் முடிகிறது.

அந்தச் சலுகையும் முடியும் தறுவாயில் இருக்கிறது. கேலக்ஸி எஸ்6-இல் தொடங்கிய யு.எஃப்.எஸ். வகைச் சிப் நொடிக்குப் பல நூறு கோடிப் பிட்டுகளை ஜோடிக் கோடுகளில் வரிசையாக அனுப்புகிறது. கையால் ஒட்டிய கம்பியில் அது பேசாது, அதற்கென்றே உள்ள தனிக் கருவி வேண்டும். அதோடு 2015-இன் ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு வந்த போன்களில் எழுதப்படுவது பெரும்பாலும் குறியாக்கம் ஆனதுதான். சாவி பிராசசரோடு பிணைந்திருக்கிறது. சிப்பை மட்டும் தூக்கிவந்தால் கிடைப்பது அர்த்தமில்லாத எண்கள். அக்காவுக்குக் கடைக்காரர் சொன்னதன் பொருள் இதுதான்.

இந்தக் குறியாக்கத்தை நான் எதிர்க்கவில்லை. திருட்டுப் போன என் போனிலிருந்து என் வீட்டுப் படங்களை எவரும் எடுக்க முடியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் தரவைப் பூட்டுவது வேறு, சிப்பைப் பூட்டுவது வேறு. சாவியை அழித்துவிட்டால் உள்ளே இருந்தது செத்தது. அதன்பின் 128 ஜி.பி. காலி இடம், இன்னும் பல நூறு முறை எழுதத் தாங்கும் இடம், சும்மா இருக்கிறது. அதை அதன் உரிமையாளர் தன் கணினியில் பயன்படுத்த ஒரு வழியும் வைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. ஐ.நா. அமைப்புகள் பங்கேற்று வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கை, 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம் என்றும் சொல்கிறது. மறுசுழற்சி என்றாலும் சிப்புக்கு நடப்பது அரைத்துத் தங்கமும் செம்பும் பிரிப்பதுதான். வேலை செய்யும் நினைவகமாக அது திரும்புவதில்லை.

முறையான வழியில் திரும்புவதில்லை என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் வேறு வழியில் அது திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது. 2021-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனச் சந்தையிலிருந்து புதியவை என்று விற்கப்பட்ட மலிவு பென் டிரைவ்கள் 614-ஐ வாங்கி ஆராய்ந்தார்கள். அவற்றில் 75-இல், அதாவது 12 சதவீதத்துக்கும் மேல், முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய தரவு கிடைத்தது. பழைய கருவிகளிலிருந்து பெயர்த்த சிப்புகளைச் சரியாகத் துடைக்காமல் புதுக் கூட்டுக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள். 2024-இல் அதே நாட்டின் சி.பி.எல். என்ற தரவு மீட்பு நிறுவனமும் எச்சரித்தது: பழுதுக்கு வரும் பென் டிரைவ்களுக்குள் தயாரிப்பாளர் பெயர் சுரண்டப்பட்ட, தரம் தாழ்ந்த சிப்புகள் இருக்கின்றன, சிலவற்றில் மைக்ரோ எஸ்.டி. கார்டையே போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

கண்ட்ரோலர் சொல்வதை நம்பித்தான் கணினி ‘64 ஜி.பி.’ என்று காட்டுகிறது. கண்ட்ரோலரைப் பொய் சொல்ல வைக்கலாம். மெமரி கார்டுக்குள் இருக்கும் குட்டிக் கண்ட்ரோலரை மாற்றி எழுத முடியும் என்பதை, முன்பு எக்ஸ்பாக்ஸின் பாதுகாப்பை உடைத்துக் காட்டிய ஆண்ட்ரூ ஹுவாங், தன் நண்பர் ஷான் கிராஸோடு சேர்ந்து 2013 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த மாநாட்டில் விளக்கிக் காட்டினார். நடைபாதையில் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் பென் டிரைவ் முதல் சில ஜி.பி. வரை ஒழுங்காக வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போடும் கல்யாண வீடியோ போன இடம் தெரியாது. எஃப்3 என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதி, மறுபடி படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எந்தக் கார்டையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமாக நான் காண்பது இதைத்தான். 2004-இல் கருவியின் நினைவகத்தை மறுபடி பயன்படுத்தியவர் அதை விலை கொடுத்து வாங்கியவர். அவருக்கு அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு உழைத்தது, உள்ளே என்ன இருந்தது என்று எல்லாம் தெரியும். இன்றும் அதே மறுபயன்பாடு நடக்கிறது; ஆனால் உரிமையாளரின் கையை விட்டுப் போய், யாரும் பார்க்காத பட்டறைகளில், சுரண்டிய பெயரோடும் பொய் அளவோடும் நடக்கிறது. நேர்மையான வழியை அடைத்ததால் மறுபயன்பாடு நிற்கவில்லை.

நம் கைக்கு இன்னும் மிச்சம் இருக்கும் வழிகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் தம்பி தங்கைக்கு இன்னும் சில வருடம் ஓடும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைச் சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. கேஸில் போட்டால் படங்களின் நகல் வைக்க இடமாகும். சி.சி.டி.வி. பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். அது கெட்டுப்போனதற்கான அறிகுறி இல்லை. விண்டோஸுக்குத் தெரியாத முறையில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. பழைய பதிவு தேவையில்லை என்றால் தாராளமாக ஃபார்மட் செய்யலாம். அதற்கு முன், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை செக்டர் மாற்றப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இரவும் பகலும் எழுதிய டிஸ்க்கில் ஒரே ஒரு நகலை மட்டும் வைப்பது ஆபத்து. பழைய போனின் இ.எம்.எம்.சி. சிப்பும் தன் தேய்மானத்தைத் தானே சொல்லும், 5.0 வரையறைக்குப் பிறகு வந்தவற்றில் அதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது, லினக்ஸில் ஒரு கட்டளையில் படிக்கலாம்.

இது பழம்பெருமை பேசும் விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளத் தொடங்கியதில் ராம், எஸ்.எஸ்.டி. விலைகள் மளமளவென ஏறின. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிக்காரர்கள் நம்பி வாங்கிவந்த தன் குரூஷியல் விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்தது. 2011-இல் வெள்ளம் செய்ததை இப்போது தேவை செய்கிறது. ஆனால் 2011-இல் உடைத்து எடுக்கக் கூடுகள் இருந்தன. இன்று மேசை இழுப்பறைகளில் கிடக்கும் போன்களில் உள்ள 64-உம் 128-உம் ஜி.பி. எவருக்கும் பயன்படாது.

பேட்டரி விஷயத்தில் சட்டம் நகர்ந்திருக்கிறது. கருவிகளில் உள்ள சிறு பேட்டரிகளைப் பயனரே கழற்றும்படி வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான அரசு இணையதளம் தொடங்கப்பட்டது. பேட்டரிக்குக் கேட்ட கேள்வியைச் சேமிப்பகத்துக்கும் கேட்க வேண்டும். கழற்றும்படி வைக்க முடியாவிட்டால், சாவியை அழித்த பிறகு அந்தப் போனையே யூ.எஸ்.பி. ஒயரில் மாட்டி ஒரு சாதாரண டிரைவாகத் தெரியச் செய்யும் வழியையாவது தயாரிப்பாளர் கொடுக்கலாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மெமரி கார்டு அப்படித்தான் கணினியில் தெரிந்தது. ஆண்ட்ராய்டு 4 காலத்திலிருந்து அந்த வழியை எடுத்துவிட்டார்கள். வன்பொருளில் எதையும் மாற்றத் தேவையில்லை, மென்பொருளிலேயே முடிகிற வேலை.

அது வரும்வரை, பழைய போனைக் கடையில் கொடுப்பவர்கள் முதலில் குறியாக்கம் இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்து, இல்லையென்றால் இயக்கி, அதன்பிறகு முழு ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். அந்தச் சிப் ஒருநாள் யாரோ ஒருவர் வாங்கும் பென் டிரைவுக்குள் இருக்கலாம்.